எங்கே உட்கார்ந்து வேலை செய்தாய்

வெளிநாடு போகிறவர்களுக்கு விசாக் காகிதங்கள் தயார் செய்யும் நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதிகளைச் சொல்லித்தரும் தகுதி இப்போது எனக்கு இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அவை எத்தனையோ முறை மாறிவிட்டன. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேறொரு நாட்டில் போய் உட்கார்ந்து, சொந்த ஊர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்களுக்கென்றே சில நாடுகள் தனி விசா கொடுக்கின்றனவாம். என் காலத்தில் அப்படி ஒரு ஆள் எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. ஆனால் அந்த ஆள் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நான் ஒரு பதில் சொன்னேன். தவறான பதில். அதைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அது எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது அதை இன்றைய விதியாகக் குறித்துக்கொண்டு, வருகிறவரிடம் ஒப்பித்துவிடுவீர்கள். குளிர் உள்ள நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து போவேன். அப்போது எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடாவுக்குப் போகிறவர்கள். வெல்டர், டிரைவர், சமையல்காரர். ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்த்து நஷ்டப்பட்டவர், ஏர்பேட்டில் நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தவர். பாஸ்போர்ட்டுக்கே ஹைதராபாத் வரை போக வேண்டிய காலம். அவர்களுடைய கேள்விகள் நேரானவை. யார் வேலை கொடுக்கிறார்கள், எத்தனை வருஷம், திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பார்கள். ஒப்பந்தத் தாளைப் பார்த்தால் பதில் இருக்கும். பத்து வருஷம் இப்படிப் பதில் சொல்லிச் சொல்லி, எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. ஆள் கேட்டு முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவேன். அதை என் திறமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

சுகுணா நகரியைச் சேர்ந்தவள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவள் பி.எஸ்சி. முடித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு மருத்துவக் குறிப்புக் கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்ததும் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே இவர்கள் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அந்த டாக்டர்களின் உச்சரிப்பு புரிவதற்கே ஆறு மாதம் ஆகுமாம். சுகுணா அதில் கெட்டிக்காரி. கஷ்டமான குரல்களையெல்லாம் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

அவள் கணவன் தாமோதரன் இயந்திரப் பராமரிப்பில் இருந்தான். அவனுக்கு அந்தக் குளிர் நாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவனுக்கு வேலை அனுமதி, அவளுக்குக் குடும்ப விசா. காகிதங்களெல்லாம் நான்தான் தயார் செய்தேன். எதிலும் சிக்கல் வரவில்லை. விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகுணா தனியாக வந்தாள். வாசலில் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். என் புத்தூர் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது.

அவள் பாஸ்போர்ட்டைத் திறந்து, ஒட்டியிருந்த விசாவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். வேலை செய்ய அனுமதி இல்லை என்று அதில் இருந்தது.

"அக்கா, நான் அங்க போயும் இந்தக் கம்பெனி வேலயத்தான் செய்யப் போறேன். மேனேஜர் கம்ப்யூட்டர்ல நுழையற வழி குடுத்துகீறாரு. சம்பளம் இங்க பேங்க்குலதான் போடுவாங்க. அதுக்கு இது ஒண்ணும் தடை இல்லியே?"

நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன். பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தேன். உன் கம்பெனி இங்கே, உன் சம்பளம் இங்கே, அந்த நாட்டுக்காரன் வேலையை நீ பறிக்கவில்லை, அவனுக்கு இதில் என்ன வந்தது, தைரியமாகப் போ என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குப் பஸ்ஸும் கிடைத்தது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலை நான் எங்கேயும் படிக்கவில்லை. என் மனசுக்கு நியாயமாகப் பட்டது, அவ்வளவுதான். நியாயமாகப் படுகிற பதில்தான் நம் தொழிலில் ஆபத்தானது. அபத்தமான பதிலாக இருந்தால் சொல்வதற்கு முன் நாமே ஒரு தடவை சரிபார்ப்போம்.

எட்டு மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. பகல் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். தாமோதரனுடைய அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், படிவம் வந்திருக்கிறது, அதில் மனைவிக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் ஒரு கேள்வி, என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றாள். படிக்கச் சொன்னேன். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் படித்தாள். இந்த நாட்டில் தங்கியிருந்த காலத்தில் நீங்கள் எந்த வகையிலாவது, யாருக்காகவாவது வேலை செய்தீர்களா. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: வேலை கொடுப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், சம்பளம் எங்கே தரப்பட்டாலும் இது பொருந்தும்.

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். யாரோ என் பதிலைக் கேட்டுவிட்டு, அதற்கென்றே அந்தக் குறிப்பை எழுதி வைத்தது போல இருந்தது.

"அக்கா, லைன்ல கீறீங்களா?"

இருக்கிறேன் என்றேன். எத்தனை நாளாக வேலை செய்கிறாய் என்று கேட்டேன். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து என்றாள். தினமும் ஐந்து மணி நேரம். சமையலறை ஜன்னலோரத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டு.

போனைத் தாமோதரன் வாங்கினான். அவனுக்குப் பதற்றம், ஆனால் மரியாதையாகத்தான் பேசினான். புதுப்பிக்காவிட்டால் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இங்கே பார்த்த வேலையை விட்டுவிட்டுத்தான் போயிருந்தான். தங்கையின் கல்யாணத்தை அந்தக் குளிர் நாட்டு வேலையை நம்பி நிச்சயம் செய்திருந்தார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டான்.

"இல்லன்னு எழுதிட்டா யாருக்குக்கா தெரியப்போவுது? வூட்டுக்குள்ள ஒக்காந்துக்கினு செஞ்ச வேல. சம்பளம் கூட இங்க வர்ல."

நல்ல மனசால் உடனே மறுத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அவன் சொன்னது எனக்கு இனித்தது. இல்லை என்று எழுதிவிட்டால் என் தவறும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே புதைந்து போகும். எங்கள் அலுவலக முதலாளிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எழுதுப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"தாமு, அந்தப் பொய் ஒன்னவிட எனக்குத்தான் அதிகமா ஒதவும். அதனாலதான் என் வாயால சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு நாள் குடு."

ஒரு நாள் என்று ஏன் சொன்னேன் என்றால், படிவம் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நெருக்கடியில் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான். ஆனால் இரண்டாவது விஷயத்துக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. வேலையை இப்போதே நிறுத்து, இன்றைக்கு மீதி இருக்கிற ஃபைலைக்கூடத் தொடாதே என்று சுகுணாவிடம் சொன்னேன். பாதியில் விட்டால் மேனேஜர் திட்டுவாரே என்றாள். திட்டட்டும், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். தெரியாமல் செய்த எட்டு மாதத்துக்கு ஒரு பெயர். தெரிந்த பிறகு செய்கிற ஒரு மணி நேரத்துக்கு வேறு பெயர்.

அன்று மதியம் முழுக்க அந்த நாட்டு விதிகளைப் படித்தேன். போவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியவை. இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பொய் சொல்லிப் பிடிபட்டால் பல வருஷம் அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. இரண்டு, அனுமதியில்லாமல் வேலை செய்ததைத் தானாகச் சொன்னால் அதிகாரி தன் விருப்பப்படி முடிவு செய்யலாம். மன்னிக்கலாம், திருப்பி அனுப்பலாம். இரண்டில் எது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

முதலாளியிடம் போனேன். நல்ல மனிதர். தெலுங்கில்தான் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், இருவருக்கும் அதுதான் வசதி. நடந்ததை முழுசாகக் கேட்டார். பிறகு முதலில் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"மனம் ராசி இவ்வலேது கதா?"

நாம் எழுதிக் கொடுக்கவில்லையே என்கிறார். எழுதிக் கொடுக்கவில்லை, வாயால்தான் சொன்னேன் என்றேன். அப்படியானால் நமக்கு இதில் பங்கில்லை, அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று விட்டுவிடலாம் என்றார். அவர் பயந்ததில் தவறில்லை. அந்த நாட்டுக்குப் போக இருந்த இன்னும் பலருடைய காகிதங்கள் எங்கள் பெயரில் போய்க்கொண்டிருந்தன. நம் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் அவர்கள் எல்லோருக்கும் கஷ்டம்.

நான் வாதாடவில்லை. நம் தாளில் வேண்டாம், வெள்ளைத்தாளில் என் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், வேலையை விட்டுப் போகச் சொன்னால் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று பஸ்ஸில் வரும்போது நான் அவ்வளவு ஒன்றும் வீரமாக இல்லை. வீட்டில் என் பெண் பத்தாம் வகுப்பு. வேறு வேலை எங்கே தேடுவது என்று ரேணிகுண்டா தாண்டும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை முதலாளியே கேட்டு வாங்கினார். படித்தார். பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார். ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்தது, தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஆலோசனையின்போது ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது.' யாருக்கு ஏற்பட்டது, யார் ஏற்படுத்தினார் என்று கேட்டார். இது தானாக வந்து விழுந்த மழையா என்றார். அந்த இடத்தில் அவரே எழுதினார்: 'அவர் என்னிடம் கேட்டார். அனுமதி தேவையில்லை என்று நான் சொன்னேன். நான் சொன்னது தவறு.' பிறகு மேசை டிராயரைத் திறந்து அலுவலகத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். இதில் அடித்துக்கொண்டு வா, நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

ராத்திரி என்ன யோசித்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கடிதம் மட்டும் போதாது. அவள் என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாருக்காகச் செய்தாள் என்று கம்பெனியும் எழுதித் தர வேண்டும். சுகுணாவின் மேனேஜரைப் பார்க்க நேரில் போனேன். இளைஞர். முதலில் அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்போதுதான் எனக்கு இன்னொரு பக்கம் தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரிகளுடன் அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில், நோயாளிகளின் குறிப்புகளை இந்தக் கட்டடத்துக்கு வெளியே திறக்கவே கூடாது என்று இருந்ததாம். நல்ல வேலைக்காரியை இழக்க மனமில்லாமல் அவர் கண்டும் காணாமல் வழி கொடுத்திருந்தார். சுகுணாவுக்கு அது தெரியாது. ஆக, அந்த ஜன்னலோரத்து மேசையில் ஒரு நாட்டின் சட்டமும் ஒரு கம்பெனியின் ஒப்பந்தமும் சேர்ந்து உடைந்துகொண்டிருந்தன. நானோ சம்பளம் எந்த பேங்கில் போடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துப் பதில் சொல்லியிருந்தேன்.

அவர் கோபப்பட்டார். நீங்கள் தப்புச் செய்துவிட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களா என்றார்.

"தப்புக்கு நான் போட்டுட்டேன் சார். நீங்க தேதிக்கு மட்டும் போடுங்க."

என் கடிதத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். அதில் இரண்டு கையெழுத்து இருந்தது. அவர் அதைப் படித்தார். மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போனேன், அவர் இல்லை. அதற்கு மறுநாளும் போய் வரவேற்பறையில் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் கடிதம் தயாராக இருந்தது. நாலே வரி. தேதிகள், வேலை நேரம், அவள் அந்த நாட்டிலிருந்து வேலை செய்வது தங்களுக்குத் தெரிந்தே நடந்தது என்ற ஒப்புதல். அந்தக் கடைசி வரியை நான் கேட்கவே இல்லை. அவராகவே எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிக்கும் தானே தகவல் சொல்லிவிட்டதாகச் சொன்னார். முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பேசினார்.

கூரியரில் இரண்டு கடிதங்களையும் அனுப்பினேன். சுகுணா 'ஆம்' கட்டத்தில் குறியிட்டாள். குறியிடும்போது தாமோதரன் பக்கத்து அறைக்குப் போய்விட்டானாம்; பார்க்க முடியவில்லை என்றானாம்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. சுகுணா வாரம் ஒருமுறை பேசுவாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. ஒரே ஒருமுறை மட்டும், காலையில் எழுந்ததும் காதில் மாட்டுகிற கருவியைத் தன்னை அறியாமல் கை தேடுவதாகச் சொன்னாள். தாமோதரன் போனை எடுத்தால் "அவகிட்ட குடுக்கறேன்" என்று மட்டும் சொல்வான். அந்த இரண்டு வார்த்தையை நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

பிறகு இருவரையும் நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. அன்று நடந்ததைச் சுகுணா அன்றைக்கே போனில் சொன்னாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண் அதிகாரி. இரண்டு கடிதங்களையும் மெல்லப் படித்தாராம். என் கடிதத்தை இரண்டாவது தடவையும் படித்தாராம். பிறகு மூன்றே கேள்வி. எங்கே உட்கார்ந்து வேலை செய்தாய்? யார் வேலை கொடுத்தார்? எப்போது நிறுத்தினாய்?

சுகுணா ஆங்கிலத்தில் சொன்னாள். சமையலறை ஜன்னலோரம். திருப்பதியில் என் மேனேஜர். இது தவறு என்று அக்கா சொன்ன நிமிஷத்தில்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, நீ உட்கார்ந்திருந்தது எங்கள் நாடு, அப்படியானால் நீ வேலை செய்தது எங்கள் நாட்டில்தான் என்றாராம். கோபமாகச் சொல்லவில்லையாம். கணக்கு வாத்தியார் தவறிய இடத்தைத் தொட்டுக் காட்டுவது போலச் சொன்னாராம். நான் பத்து வருஷத்தில் படிக்காததை அந்த அம்மா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சம்பளம் எந்த பேங்கிலும் போய் விழட்டும். உடம்பு எங்கே இருக்கிறதோ, வேலை அங்கேதான் நடக்கிறது.

தாமோதரனுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷம். சுகுணாவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அதோடு அதிகாரி இன்னொரு படிவத்தையும் எடுத்துக் கொடுத்தாராம். குடும்ப விசாவில் வந்தவர்கள் வேலை அனுமதி கேட்டுத் தனியாக விண்ணப்பிக்கலாம், நீ ஏன் கேட்கவில்லை என்றாராம். ஏன் கேட்கவில்லை என்று சுகுணாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அங்கே என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அதுதான் கடிதத்தில் எழுதியிருந்ததே.

இந்தத் தடவை நான் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அந்த நாட்டின் வேலை அனுமதி, அங்கே வரி செலுத்தப் பதிவு, மருத்துவக் காப்பீடு, கம்பெனி எழுத்தில் தரும் சம்மதம், ஆஸ்பத்திரியின் சம்மதம். கடைசியில் சொன்னது மட்டும் கிடைக்கவில்லை. நோயாளியின் குறிப்பு திருப்பதியை விட்டு வெளியே போகக் கூடாது என்று அவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அதாவது நாடு சரி என்றாலும் அந்த வேலையை அவளால் அங்கிருந்து செய்ய முடியாது. இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. ஆனால் அந்த மேனேஜர், பயந்துபோய்க் கதவைச் சாத்தினாரே அவர்தான், ஒரு யோசனை கொண்டு வந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கஷ்டமான உச்சரிப்புகளைப் பழக்க ஆள் வேண்டும். அதற்கு நிஜ நோயாளிக் குறிப்பு தேவையில்லை. பயிற்சிக்காகவே பேசிப் பதிவு செய்தவை போதும். அந்த வேலைக்கு விண்ணப்பித்தோம். நாலு மாதம் கழித்து அனுமதி வந்தது.

அனுமதி வந்த அன்று போனை எடுத்ததும் தாமோதரன் "அவகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லவில்லை. "சாப்டீங்களா அக்கா" என்று கேட்டான். ஊரில் வெயில் எப்படி என்று கேட்டான். தங்கை கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றான். அப்புறம்தான் கொடுத்தான்.

சுகுணா சந்தோஷத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் பேசினாள்.

"இத்தினி நாளா நைனா போன் பண்ணி இன்னா வேல பண்றேன்னு கேட்டா பேச்ச மாத்திக்கினே இருந்தேன்க்கா. நீங்க செய்யலாம்னு சொன்னீங்க, ஆனா அந்த விசாவுல எழுதினது கண்ணுலயே நின்னுக்கினு இருந்திச்சி. இன்னிக்குத்தான் சொன்னேன், நான் டீச்சரா கீறேன் நைனான்னு. அவுரு தறிய நிறுத்திட்டுக் கேட்டாரு."

அவளுக்கு அந்தச் சந்தேகம் முதல் நாளே இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். என்னிடம் கேட்க வந்தவள் என்னைவிடச் சரியாகப் படித்திருந்தாள். நான் என் வேகத்தால் அவளுடைய சந்தேகத்தை அடித்து உட்கார வைத்துவிட்டேன். வருகிறவரின் சந்தேகத்தை உடனே தீர்த்து வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள்.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறியது. செய்யலாமா கூடாதா என்று யார் கேட்டாலும், உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள் என்பேன். காலையில் எழுந்து எங்கே உட்காருவீர்கள், யாருடைய கம்ப்யூட்டர், யார் வேலை அனுப்புவார்கள், அதில் யாருடைய விவரம் இருக்கும், எத்தனை நாள். நாயுடுபேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். கடற்கரை உள்ள ஒரு நாட்டுக்கு ஒரு மாதம் சுற்றுலாவாம். சுற்றுலா விசாவுக்குக் காகிதம் கேட்டார். ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். காலை ஆறு மணியிலிருந்து மதியம் மூன்று வரை மீட்டிங் என்று ஆரம்பித்தார். கடலுக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டேன். அவரே சிரித்துவிட்டார். பிறகு கம்பெனியில் லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு பத்து நாள் போய்வந்தார். வரும்போது கிளிஞ்சல் ஒட்டிய கண்ணாடி ஒன்று கொண்டு வந்து கொடுத்தார். என் மருமகளுக்கு அது பிடித்துவிட்டதால் இப்போது அவள் அறையில் இருக்கிறது.

எல்லாத் தவறும் இப்படி நல்லபடியாக முடியாது. எனக்கு வாய்த்த அதிகாரி அப்படி, முதலாளி அப்படி, சுகுணா அப்படி. இந்த மூவரில் ஒருவர் வேறு மாதிரி இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதை மறக்காமல்தான் மீதி வருஷங்களை வேலை செய்தேன். மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

கடைசியாக, உங்களோடு அங்கே வேலை பார்க்கும் ஹேமாவுக்கு ஒரு விளக்கம். போன வருஷம் நான் என் பெண்ணைப் பார்க்க அவள் இருக்கும் நாட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு மாதம், பார்வையாளர் விசா. அங்கே ஹேமா போன் செய்தாள். ஒரு சிக்கலான ஃபைல், அனுப்புகிறேன், படித்துவிட்டு ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றாள். நான் இங்கே விருந்தாளியாக வந்திருக்கிறேனம்மா, ஊருக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். அவளுக்கு வருத்தம். சம்பளமா வாங்கப் போகிறீர்கள், கிளம்பிப் போனதும் மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். என் பெண்ணும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஹேமா கேட்டதில் தவறில்லை. சம்பளம் வாங்காத உதவிக்கு அந்த நாட்டு விதி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் மறுத்தேன்.

இரண்டு மாதம் முடிந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கினேன். வரிசையில் நின்று பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினேன். பெட்டி வரும் இடத்துக்குப் போய், ஒரு தூணோரம் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு ஹேமாவுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டேன். இப்ப படிச்சிக் காட்டு, கேக்கறேன்."

என் பெட்டி மூன்று முறை சுற்றி வந்து போனது. அவள் இன்னும் ஃபைலின் இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தாள்.